புயலில் சுழலும் கிரேன் பழுதானது அல்ல

"காற்றில் டவர் கிரேனின் கை தானாகச் சுழன்றால் பிரேக் போய்விட்டது, உடனே கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவுகிறது. இது தவறு.

வேலை முடிந்ததும் ஆபரேட்டர் சுழல் பிரேக்கை (கை திரும்பாமல் பிடிக்கும் பிரேக்) வேண்டுமென்றே விடுவித்துவிட்டுத்தான் இறங்குவார். அப்போதுதான் கை காற்றின் போக்கிலேயே திரும்பி நிற்கும், காற்று மோதும் பரப்பும் குறையும். கட்டிப்போட்டால் பக்கவாட்டு விசை முழுவதையும் கோபுரம் தாங்க வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்!

அப்புறம், "முன்னறிவிப்பில் 60 கி.மீ. என்றால் பயமில்லை, வரம்பு 72" என்றும் அதில் இருக்கிறது. பல தயாரிப்பாளர்கள் வேலைக்கு வைக்கும் உச்ச வரம்பு மணிக்கு 72 கி.மீ. என்பது சரி. ஆனால் வானிலை மையம் சொல்வது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துச் சராசரிக் காற்று. கிரேன் உச்சியில் வேகம் கூடும், திடீர் வீச்சில் இன்னும் கூடும். உச்சியில் பொருத்திய அனிமோமீட்டர் (காற்றின் வேகத்தை அளக்கும் கருவி) காட்டுவதுதான் கணக்கு.

அந்தந்த கிரேனின் இயக்கக் கையேட்டில் இதெல்லாம் இருக்கிறது. தளப் பாதுகாப்பு அதிகாரியிடமும் கேட்கலாம். இந்தச் செய்தியை நம்பி யாராவது மேலே ஏறினால் உயிர் போகும். தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.