ஒன்றுமே பார்க்காமல் வந்தோமாம்

சனிக்கிழமை விருந்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். "வெனிஸ் வரைக்கும் போய் அஞ்சு நாள் சும்மா சுத்திட்டு வந்திருக்காங்க" என்று ஒருவர் சொல்ல, சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அங்கே வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

ஆமாம், சும்மாதான் சுற்றினோம். அதற்காகத்தான் போனோம்.

அந்த ஊர் 118 தீவுகள். 400-க்கும் மேற்பட்ட பாலங்கள். கார் கிடையாது. வீட்டு எண் ஒவ்வொரு தெருவிலும் ஒன்றிலிருந்து தொடங்காது. ஆறு வட்டாரங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் எண் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டே போகும். முகவரி கையில் இருந்தாலும் வழி தெரியாது. ஒரு சந்தில் திரும்பினால் அது நேராகப் போய்த் தண்ணீரில் முடிகிறது, கடைசிப் படியில் பாசி. திரும்பி வர வேண்டியதுதான். இப்படி ஓர் ஊரில் அட்டவணை போட்டு ஓடினால் எது கண்ணில் படும்? சும்மா சுற்றுவதும் பார்ப்பதுதான்.

"சோம்பேறித்தனம்" என்றார் இன்னொருவர். 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் இப்படித் தெருத்தெருவாக நடந்து ஊரைக் கவனிப்பவர்களுக்கு 'ஃப்ளனேர்' என்று பெயரே இருந்தது. 1950-களில் அதே ஊரில் கி தெபோர் என்ற எழுத்தாளரும் அவர் நண்பர்களும் கால் போன போக்கில் நடப்பதை ஒரு பயிற்சியாகவே செய்தார்கள். சோம்பேறிகள் நாள் முழுக்க நடப்பதில்லை.

"கிடைக்கிறதே நாலு நாள் லீவு, மறுபடி எப்போ போகப் போறோம்?" என்பீர்கள். நியாயம்தான், சேர்த்த பணம் எனக்கும் பெரிது. ஆனால் மறுபடி போக முடியாது என்பதால்தானே நான் நின்று பார்க்கிறேன்? பாதுகாப்பு பற்றியும் கேட்பீர்கள். சரி, இருட்டிய பிறகு தெரியாத சந்துக்குள் நானும் போக மாட்டேன். அது வேறு பேச்சு.

அப்புறம் அந்தக் கடைசி வார்த்தை. "அம்மாவை வெச்சுக்கிட்டு எங்க போக முடியும், பாவம்." அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

என்ன பாவம்? அம்மாவுக்கு மூட்டு வலி, அங்கே பாலம் என்றாலே படிகள். ஒன்று ஏறி இறங்கினால் பத்து நிமிடம் உட்கார வேண்டும். உட்கார்ந்தோம். அப்படி உட்கார்ந்த ஒரு சின்ன சதுக்கத்தில் மூடிபோட்ட கல் கிணறு. விளிம்பில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்களை அம்மாதான் விரலை வைத்துக் காட்டினார், தண்ணீர் இறைத்துப் பழகிய கை. 1884-இல் குழாய்த் தண்ணீர் வரும்வரை, சதுக்கத்துத் தரைக்கு அடியில் மழைநீரை மணலில் வடியவிட்டு இப்படிப்பட்ட கிணறுகளில்தான் இறைத்தார்கள் என்று நான் படித்தது ஊர் திரும்பிய பிறகு. ஓடியிருந்தால் அந்தப் பள்ளத்தை யார் பார்த்திருப்பார்கள்? அம்மா வந்ததால்தான் எனக்கு அந்த ஊரே கிடைத்தது.

அங்கேதான், எதிர்மாடியில் ஒரு பெண் ஜன்னலில் நின்று, கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு சக்கரத்தில் கயிற்றை இழுத்து இழுத்து, நீலப் போர்வை ஒன்றைச் சந்தின் நடுவுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் தூறல். மறுபடி அவ்வளவையும் இழுத்தாள். அம்மா கைதட்டிச் சிரித்தார், அவளும் சிரித்துவிட்டாள்.

சனிக்கிழமை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. நேற்றுதான், துணி மடித்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் போர்வை அன்னிக்குக் காஞ்சிருக்குமா?"