கதவை மறித்து அமர்ந்தவர்கள்

ஈசூனில் உறவினர் வீட்டுப் பிள்ளை தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பயிற்சிக்காகப் புலாவ் தெக்கோங் தீவுக்குச் செல்வதற்கு முந்தைய வாரம் விருந்து வைத்தார்கள். பேச்சு உலகப் போர்களின் பக்கம் போனபோது மாமா ஒருவர், "பெண்கள் இயல்பிலேயே சாந்தமானவர்கள்; அவர்களைச் சமாதானப் பேச்சுக்கு அனுப்பினால் சண்டை தானாக நின்றுவிடும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. சாந்தத்துக்காக ஒருத்தியை அழைப்பவர்கள், ஆயுதம், எல்லை, வரி என்று பேச்சு வந்ததும் அவளை அறைக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள்.

2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானம், சமாதானத்தைப் பற்றிய முடிவுகளை எடுக்கும் எல்லா நிலைகளிலும் பெண்கள் இடம்பெற வேண்டும் என்றது. அதற்காகப் பாடுபட்டவர்களுள் ஒருவர், அப்போது பெண்களுக்கான ஐ.நா. நிதியமான யூனிஃபெம் அமைப்பின் தலைவராக இருந்த நொலீன் ஹேசர். அவர் சிங்கப்பூரர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவை எடுத்துக்கொள்வோம். போரை நிறுத்தக் கோரி, தலைநகர் மன்ரோவியாவின் மீன்சந்தை அருகே கிறிஸ்துவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடையில் நாள்தோறும் வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்தார்கள். 2003இல் கானாவின் அக்ராவில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, அந்தப் பெண்களை வழிநடத்திய லேமா போவீயும் அவருடைய தோழியரும் மண்டபத்தின் வாசலை மறித்து அமர்ந்து, உள்ளே இருந்தவர்களை வெளியேற விடவில்லை. கைது செய்ய வந்த காவலர்களிடம், தம் ஆடைகளைக் களைந்துவிடுவதாகப் போவீ எச்சரித்தார். தாய் வயதுப் பெண் அப்படிச் செய்வது அங்கே பெருஞ்சாபம். அந்த ஆகஸ்ட் 18ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தானது. இத்தனை துணிச்சலுக்குச் சாந்தம் என்றா பெயர்?

நமக்கு நெருக்கமான இலங்கையின் கதை வேறு. நார்வேயின் ஏற்பாட்டில் நடந்த பேச்சில், அரசும் விடுதலைப் புலிகளும் பெண்கள் தொடர்பான விவகாரங்களுக்கெனத் தலா ஐந்து பெண்களைக் கொண்ட துணைக்குழு ஒன்றை அமைத்தன. 2003 மார்ச்சில் அது கிளிநொச்சியில் கூடியது. ஏப்ரலில் முதன்மைப் பேச்சே நின்றுபோக, ஓரத்தில் வைக்கப்பட்டிருந்த துணைக்குழுவும் அதோடு அடங்கிவிட்டது.

பிலிப்பீன்ஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. அரசின் தலைமைப் பேச்சாளராக மிரியம் கொரோனல் ஃபெரர் 2014 மார்ச் 27 அன்று, நாட்டின் தெற்கே போராடிவந்த மோரோ முஸ்லிம் போராளிகளுடனான பங்சாமோரோ உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அதிகாரப் பகிர்வு, வருவாய்ப் பங்கீடு, போராளிகளின் ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்வது என, ஆண்களின் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவைக்கும் அனைத்தும் அதில் இருந்தன. அன்று மாமாவிடம் சொல்ல இந்தப் பெயர் நினைவுக்கு வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், மாமாவும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்.