வந்ததைப் பகிர்ந்தோம் என்றால் ஆயிற்றா?

வேலூர் லாங் பஜாரில் ஒரு கடைக்கு மகளோடு கொலுசு பார்க்க வந்த பெண்ணின் சிசிடிவி வீடியோவை உள்ளூர் இணையப் பக்கம் ஒன்று வெளியிட்டது. ‘இந்தத் திருடியைத் தெரிந்தால் சொல்லுங்கள்’ என்று போட்டார்கள். பக்கத்தில் நின்ற மகளின் முகத்தைக்கூட மறைக்கவில்லை. மறுநாள், காணாமல் போனதாகச் சொன்ன கொலுசு கடையிலேயே, தட்டுக்கு அடியில் கிடைத்தது. வீடியோவை நீக்கிவிட்டு ஒரே வரி எழுதினார்கள்: ‘எங்களுக்கு வந்ததைப் பகிர்ந்தோம்.’

யாரிடமிருந்து வந்திருந்தாலும் வெளியிட்டது நீங்கள்தான். அவதூறுச் சட்டம் முதலில் சொன்னவரை மட்டுமல்ல, வெளியிட்டவரையும் பிடிக்கும். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 499, 500. 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356. இரண்டு ஆண்டு வரை சிறை. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018இல் பகிர்ந்தவர், ‘படிக்காமல் பகிர்ந்தேன், நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டேன்’ என்று சொல்லி, வழக்கை ரத்து செய்யக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2023இல் அங்கே எடுபடவில்லை. உச்ச நீதிமன்றத்திலும் எடுபடவில்லை.

‘நாங்கள் பத்திரிகையா நடத்துகிறோம்?’ என்கிறார்கள். நாற்பதாயிரம் பேர் பார்க்கும்போது மட்டும் ‘வேலூரின் குரல்’ என்று போட்டுக்கொள்ளத் தெரிகிறதே!

‘போலீஸே சிசிடிவி போடுகிறதே’ என்று ஒருவர் கேட்டார். போலீஸிடம் புகார் இருக்கும், விசாரணை இருக்கும். உங்களிடம் என்ன இருந்தது? உண்மையாகவே இருந்தாலும், பொது நன்மைக்காகத்தான் வெளியிட்டோம் என்று நீங்கள் காட்ட வேண்டும். இங்கே உண்மையே இல்லை.

கருத்துச் சுதந்திரமாம். இணையத்தில் எழுதியதற்காகவே கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது சந்தோஷப்பட்டவன் நான். அவதூறு வழக்கைக் காட்டி நியாயமாக எழுதுகிறவர்களை மிரட்டுகிறார்கள் என்பதும் சரி. ஆனால் கொலுசு பார்க்க வந்த பெண் அமைச்சரா, அதிகாரியா?

2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்தது நமக்கு மறந்துவிட்டதா? குலதெய்வக் கோயிலுக்கு வந்த வயதான அம்மா, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றார்கள். அப்போது வாட்ஸ்அப்பில் வதந்தி அனுப்பிய ஒவ்வொருவரும் வந்ததைத்தான் பகிர்ந்தார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். 2019இல் என் சித்தி, படுக்கையில் கிடந்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் சேர்த்து ரேஷன் அரிசி வாங்கி வந்தார். சைக்கிள் கேரியரில் இரண்டு மூட்டை. யாரோ படம் எடுத்து ‘அரிசி கடத்தும் பெண்’ என்று போட்டார்கள். இரண்டு நாளில் நீக்கியும் விட்டார்கள். வீட்டு வாசலில் இட்லி விற்றுப் பிழைத்தவர் சித்தி. ‘ரேஷன் அரிசி இட்லி’ என்று தெருவே பேசியது. அந்த வாரம் முழுக்க அரைத்த மாவு புளித்துப் பொங்கி, குண்டானுக்கு வெளியே வழிந்தது. அதைக் கொட்டக்கூட அவர் பகலில் வெளியே வரவில்லை.

அந்தப் படம் இருபது நிமிடத்தில் எங்கள் உறவுக்காரர்கள் குழுவுக்கு வந்தது. நீக்கியது மட்டும் யாருக்கும் வந்து சேரவில்லை.

முன்பெல்லாம் சித்தி ரேஷன் கார்டை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். இப்போது ரேஷன் கடையிலிருந்து வரும்போது, எதிரே வருகிறவர்களுக்குத் தெரியும்படி கையில் பிடித்துக்கொண்டே வருகிறார்.