கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்களாம்!

நேற்றைய அந்தப் பதிவைப் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை; பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. கிளாம் ராக், அதாவது எழுபதுகளில் பிரிட்டனில் மினுமினுப்பும் ஒப்பனையுமாக மேடையேறிய ராக் இசை, அதன் வரலாறு என்று அத்தனை நீளமாக எழுதியவர், பாடகர்கள் டேவிட் போவிக்கும் மார்க் போலனுக்கும் பத்தி பத்தியாகப் பரிமாறிவிட்டு, அதே காலத்து பிரிட்டிஷ் ராக் குழுவான ஸ்லேடுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்: "கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள்." கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

1971க்கும் 1973க்கும் இடையில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஸ்லேட் பாடல்கள் ஆறு. அவற்றில் மூன்று, 1973 என்ற ஒரே ஆண்டில், அதிகாரபூர்வப் பட்டியலில் நுழைந்த வாரமே முதலிடத்தில் போய் உட்கார்ந்தவை. 'மெர்ரி எக்ஸ்மஸ் எவரிபடி' என்ற அந்தக் கிறிஸ்துமஸ் பாடல் ஆறில் கடைசி. மற்ற ஐந்தையும் யார் பாடினார்கள்?

"பாடல் தலைப்பையே பிழையில்லாமல் எழுதத் தெரியாதவர்கள்" என்று ஒரு அறிவாளி பின்னூட்டம் போட்டிருந்தார். ஐயா, அந்த எழுத்துப்பிழைகள் வேண்டுமென்றே செய்தவை. தங்கள் ஊர்ப்பக்கம் பேசுகிற மாதிரியே எழுதினார்கள். 'கோஸ் ஐ லவ் யூ' (Coz I Luv You) பாடலில் வயலின் வாசித்த, குழுவின் ஜிம் லீ இளைஞர் இசைக்குழுவில் தேறியவர். அவருக்கா படிப்பு இல்லை? பாடகர் நாடி ஹோல்டரின் தந்தை, இங்கிலாந்தின் வால்சால் என்ற ஊரில் ஜன்னல் துடைக்கும் தொழிலாளி. சிரிப்பு வருவது எழுத்துப்பிழையைப் பார்த்தா, அந்த ஜன்னலைப் பார்த்தா?

இங்கிலாந்து வந்த புதிதில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரவு வேலை பார்த்தேன். டிசம்பர் முழுக்க அந்தக் கிறிஸ்துமஸ் பாடல்தான். எனக்கு வெறுத்துப்போனது, மறைக்கவில்லை. ஆனால் கூட வேலை செய்த வால்சால்காரப் பெரியவர், பாடல் வந்ததும் தக்காளி டின் அட்டைப்பெட்டியின் மேல் இரண்டு கையாலும் தாளம் போடுவார். மேற்பார்வையாளர் முறைத்தாலும் நிறுத்தமாட்டார். 'ஸ்லேட் அலைவ்' என்ற தொகுப்பின் ஒலிநாடாவை எனக்குக் கொடுத்தவர் அவர்தான். 1971இல் லண்டனில் ரசிகர்களை உட்காரவைத்து நேரடியாகப் பதிவு செய்தது. மென்மையான ஒரு காதல் பாட்டின் நடுவே ஹோல்டர் ஏப்பம் விடுவது அப்படியே கேட்கும். நாகரிகம் இல்லைதான். அந்தத் தொகுப்பைத்தான் அமெரிக்க பங்க் ராக் குழுவான ரமோன்ஸின் பாடகர் ஜோயி ரமோன் விழுந்து விழுந்து கேட்டார்.

"அமெரிக்காவில் எடுபடவில்லையே" என்பீர்கள். சரி, எடுபடவில்லை. ஆனால் 1983இல் க்வயட் ரயட் என்ற அமெரிக்கக் குழு ஸ்லேடின் 'கம் ஆன் ஃபீல் த நாய்ஸ்' பாடலைப் பாடி அமெரிக்காவில் ஐந்தாம் இடத்துக்குப் போனது. 1996இல் பிரிட்டிஷ் குழுவான ஒயேசிஸ் அதே பாடலைப் பாடினார்கள். முகத்தில் சாயம் பூசி ஆடும் அமெரிக்க ராக் குழுவான 'கிஸ்' குழுவினரே ஸ்லேடைப் பார்த்துக் கற்றதாக ஒப்புக்கொண்டவர்கள். விதைத்தவனைக் கோமாளி என்பீர்கள், அறுத்தவன் மேதையா?

போவி பெரியவர் இல்லையா என்று கிளம்பி வராதீர்கள். யார் இல்லை என்றது? என் வீட்டிலும் போவி இருக்கிறார். அவருக்கு ஒப்பனை என்றால் கலை, ஸ்லேடின் கிட்டார்காரர் டேவ் ஹில்லுக்கு மினுமினுப்பு என்றால் மட்டும் கோமாளி வேஷமா?

அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973 ஜூலையில் ஸ்லேடின் டிரம்மர் டான் பவல் கார் விபத்தில் சாவின் விளிம்பு வரை போனார். அவருடைய காதலி இறந்துவிட்டார். பவலுக்கு நினைவாற்றல் குலைந்தது, சுவையும் மணமும் போயின. சில வாரங்களில் நியூயார்க் ஸ்டூடியோவில், வெளியே வெயில் கொளுத்த, கைத்தடியோடு வந்து வாசித்தார். எதிரொலிக்காகக் கோரஸைக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் நின்று பாடினார்கள். பாடல் வெளியான டிசம்பரில் பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர் போராட்டம், மின்சாரக் கட்டுப்பாடு. அந்த மாதத்தில் உற்சாகமாக ஒரு பாட்டுப் பாடியது அவ்வளவு கேவலமா?

இவ்வளவையும் நேற்றே அங்கே பொறுமையாக எழுதினேன். வந்த பதில்: "சூப்பர் மார்க்கெட்டில் கேட்டு வளர்ந்த ரசனை." அதற்கும் சிரிப்புக் குறிகள். அதில் இரண்டு, என் வீட்டில் சாப்பிட்டுப் போன நண்பர்களுடையவை.

ஆமாம், சூப்பர் மார்க்கெட்டில்தான் கேட்டேன், அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டு. உங்களுக்கு ஸ்லேட் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. பிடிக்காது என்றால் பிடிக்காது என்று எழுதுங்கள். வரலாறு என்று தலைப்புப் போடாதீர்கள்.

பின்னூட்டத்தில் போவியின் படத்தைப் போடுபவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன்.