எதையும் எடுக்கவில்லை என்றால் வழக்கே நிற்காதா?

“பூட்டை உடைக்காமல், திறந்த கதவு வழியாகப் போய் எதையும் எடுக்காமல் திரும்பினால் அது குற்றமே ஆகாது” என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

இங்கிலாந்தின் 1968 திருட்டுச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் 9ஆம் பிரிவு கன்னக்களவைப் பற்றியது. திருடும் எண்ணத்தோடு அனுமதியின்றிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலே போதும், குற்றம் முடிந்துவிடுகிறது. பூட்டு உடைய வேண்டாம், பொருளும் காணாமல் போக வேண்டாம். இரவில், குடியிருக்கும் வீட்டை உடைத்து நுழைந்தால்தான் கன்னக்களவு என்பது, நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக உருவான பழைய பொதுச் சட்டம். வதந்தி அங்கிருந்துதான் முளைத்திருக்கும் போல.

கொள்ளை வேறு. 8ஆம் பிரிவின்படி, திருடுவதற்காக ஒருவர் மீது பலத்தைப் பயன்படுத்துவதோ, அப்போதே அடி விழும் என்று பயமுறுத்துவதோ வேண்டும். ஆயுதம் கட்டாயமில்லை. கொள்ளைக்கு அதிகபட்சம் ஆயுள் தண்டனை, வீட்டில் நடந்த கன்னக்களவுக்கு 14 ஆண்டுகள்.

சரி, குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிர்வாதமே கிடையாதா? உண்டு. நுழையும்போது திருடும் எண்ணமே இல்லை, உள்ளே போக அனுமதி இருந்தது, அடையாளம் காட்டியவர் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டார் என்றெல்லாம் வாதிடலாம். “அது என் பொருள்” என்று ஒருவர் உண்மையாகவே நம்பியிருந்தால், நேர்மையின்மை இல்லாததால் கொள்ளைக் குற்றச்சாட்டு நிற்காது. ஆனால் அடித்ததற்குத் தனி வழக்கு வரும். எண்ணத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்குத்தான். கையில் கையுறையும் கடப்பாரையுமாகப் பிடிபட்டவர் “சும்மா வந்தேன்” என்றால் அது எடுபடுவது கஷ்டம்.