மதில் கட்டிய வளவில் பூசினி காய்க்குமா?

போன மாரியோடு நட்ட பூசினிக் கொடி பின்வளவில் பாதியைப் பிடித்துவிட்டது. காலையில் எழும்பிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பூ மஞ்சளாக விரிந்து நிற்கும். பிஞ்சும் இருக்கும். நாலைந்து நாளில் அந்தப் பிஞ்சு வெளிறி, நுனி அழுகி, தொட்டாலே விழும். மாமி வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, ஆரோ கண் வைச்சிட்டினம். ஒரு வெருளி கட்டு" என்றார். கட்டினேன். வெருளி நன்றாகத்தான் நின்றது. பிஞ்சு விழுந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் ஆறு மணிக்கே தேத்தண்ணியோடு கொடிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். பூசினியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்குக் கீழே குட்டிப் பூசினி மாதிரி ஒரு உருண்டை இருக்கும். இரண்டும் விடியும்போது விரிந்து, வெயில் ஏற மூடிக்கொள்ளும். அந்த நாலைந்து மணித்தியாலத்துக்குள் ஆண் பூவின் தூளை யாராவது பெண் பூவில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அது பாரமான, ஒட்டுகிற தூள். காற்று தூக்காது. ஒன்பதரை வரை பார்த்தேன். எறும்பு வந்தது, இரண்டு இலையான் வந்தது. தேனீயும் இல்லை, வண்டும் இல்லை. அடுத்த நாள் நானே ஆண் பூவைப் பிடுங்கி இதழை உரித்து, பெண் பூக்களில் தடவிவிட்டேன். மூன்று காய் நின்றது. அம்மா இந்த வயதில் தேனீ வேலை பார்க்கிறா என்று மகள் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டாள்.

சிரித்து முடிந்த பிறகு யோசித்தேன். எங்கே போயின இவை?

எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. நான் கலியாணம் செய்து வந்த காலத்தில் மதில் இருந்தது ஒரே ஒரு வீட்டுக்கு. மற்றதெல்லாம் வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று கதியால் (ஊன்றினால் துளிர்க்கிற வேலித் தடி) வரிசை, இடையில் கிடுகோ பனையோலையோ. இன்று ஒன்பது வீட்டுக்கு மதில். அதில் ஒன்று எங்களுடையது. கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய காசில் 2014இல் கட்டினோம். வருடா வருடம் வேலி அடைக்கும் செலவு மிச்சம், எல்லைச் சண்டையும் முடிந்தது என்று எனக்குப் பெரிய நிம்மதி. (யாழ்ப்பாணத்தில் கதியால் ஒரு விரற்கடை தள்ளிப் போனதற்கு எத்தனை சகோதரங்கள் நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.)

வேலியை நாங்கள் மறைப்பு என்று மட்டும்தான் நினைத்தோம். ஆடு தின்னும் குழையும், தோட்டத்தில் தாழ்க்கும் குழையும் அதிலிருந்துதான் வந்தன என்பது தெரியும். ஆனால் பூவரசம் பூ காலையில் மஞ்சளாக விரிந்து பின்னேரம் சிவந்து வாடும்வரை அதற்குள் எத்தனை உயிர் போய்வந்தது என்று யார் பார்த்தது? முள்முருக்கு இலை கொட்டிச் சிவப்பாகப் பூத்தால் தேன்சிட்டு, மைனா, காகம் எல்லாம் அங்கேதான். காய்ந்துபோன கதியாலில் கருவண்டு துளை போட்டுக் குடியிருக்கும். அந்தக் கருவண்டுதான் முருங்கைப் பூவுக்கு முக்கியமான ஆள். "வண்டு மரத்தை அரிக்குது" என்று துளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிய ஆட்களில் நானும் ஒருத்தி.

தேனீ என்றால் தேன் தருவது மட்டும்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இலங்கையில் ஏறத்தாழ 150 வகைத் தேனீக்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் கூட்டமாக இருந்து தேன் சேர்ப்பவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். மிச்சமெல்லாம் தனியே வாழ்கிற, பெயர்கூட நாங்கள் வைக்காத பூச்சிகள். தேனீ வகைகளில் பெரும்பாலானவை மண்ணுக்குள்தான் முட்டையிடுகின்றன. கத்தரிப் பூவை எடுங்கள். அதன் மகரந்தப் பை நுனியில் சின்னத் துவாரம் மட்டும்தான் உண்டு. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்தால்தான் தூள் நன்றாகக் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வயிற்றில் நீலக் கோடு போட்ட ஒரு தேனீ இருக்கிறது, கத்தரிப் பூவில் 'ங்ங்' என்று ஒரு சத்தம் போடும். அதற்குத் தெரியும். அது மண்ணிலும் பழைய மண்சுவரிலும் துளை போட்டு வாழ்வது. எங்கள் வீடுகளில் மண்சுவர் போய் எத்தனை காலம். முற்றமும் இப்போது இன்ரலொக் கல். முந்தி விடியக் கூட்டிய மண்முற்றத்தில் அதற்கு இடம் இருந்தது.

ரோசா இலையை யாரோ கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டினமாதிரி இருந்தால் அதுவும் ஒரு தேனீதான். கூடு கட்ட இலை கொண்டுபோகிறது. மருந்தடிக்காதீர்கள், செடி சாகாது.

இரவு வேலை பார்ப்பவையும் உண்டு. புடலம் பூ பின்னேரத்துக்குப் பிறகுதான் விரியும், அதற்கு அந்துப்பூச்சி. இலுப்பைக்கு வௌவால். மாம்பூவுக்கு நாங்கள் அருவருக்கிற இலையான்கூடப் பெரிய உதவி. நெல்லுக்கும் வாழைக்கும் இவர்கள் தயவு தேவையில்லை, ஆகவே வாழைக்குப் பேர்போன நீர்வேலிக்காரர் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம். மற்றவர்கள் யோசிக்கவேண்டும். 2016இல் வந்த உலக மதிப்பீட்டு அறிக்கை ஒன்று, முக்கியமான உணவுப் பயிர் வகைகளில் நாலில் மூன்று பங்கு ஏதோ ஒரு அளவுக்கு இந்த உயிர்களை நம்பியிருக்கிறது என்றது.

சரி, என்ன செய்வது? 2018இலிருந்து மே 20ஐ உலக தேனீ தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்த நாட்களில் வழக்கமாக நடப்பது தேனீப் பெட்டி கொடுப்பதும் படம் எடுப்பதும். பெட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஒரு குடும்பத்துக்கு வருமானம் வந்தால் நல்லதுதான். ஆனால் பூ இல்லாத ஊரில் பெட்டி வைத்தால், நாலு மாதத்தில் தேனீ பெட்டியை விட்டுப் போய்விடும். நம்மூர்த் தேனீயின் குணம் அது. பெட்டி கொடுக்க ஒரு திட்டம் போதும். பூவுக்கு ஒரு ஒழுங்கையே சேரவேண்டும்.

இங்கேதான் என் முழு வாதமும் இருக்கிறது. சின்னத் தேனீக்கள் கூட்டிலிருந்து சில நூறு மீற்றருக்கு மேல் போவதில்லை. என் வளவில் நான் எத்தனை செடி வைத்தாலும், பக்கத்து வளவு சீமெந்து, அதற்கடுத்தது களைநாசினி அடித்த வெறும் நிலம் என்றால் என் செடிகள் கடலில் ஒரு தீவுதான். ஆகவே இதைத் தனி வீட்டுக் கணக்கில் பார்க்க முடியாது. ஒழுங்கைக் கணக்கில், ஊர்க் கணக்கில் பார்க்கவேண்டும். அதற்குப் புதிதாகச் சங்கம் தொடங்கவும் தேவையில்லை. சனசமூக நிலையம் இல்லாத ஊர் எங்களுக்கு உண்டா? மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், கமக்காரர் அமைப்பு, கோயில் சபை எல்லாம் இருக்கிறதே. இவர்களைக் கூப்பிட்டு ஒரு வாங்கில் இருத்துவதுதான் கஷ்டம்.

விளையாட்டுக் கழகப் பொடியன்களோடு எனக்கு ஒரு கோபம் உண்டு. சிரமதானம் என்று வந்தால் ரோட்டோரம் ஒரு புல்லும் மிஞ்சாது. பாத்தீனியத்தைப் பிடுங்கினால் நான் கைதட்டுவேன், பூக்குமுன் வேரோடு பிடுங்கவேண்டியதுதான். தும்பையும் ஆவரசும் என்ன செய்தன? டெங்கு என்பார்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது பற்றைக்குள் இல்லை. சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு, தண்ணீர்த் தொட்டி இவற்றில் தேங்கிற தண்ணீரில்தான். அதைக் கவிழ்த்துக் கொட்ட ஆளில்லை, தும்பை வெட்டப் பதினைந்து பேர். இதைக் குழுவில் எழுதி இரண்டு நாள் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் போன முறை நிலையத்துப் பின்பக்கத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். மறந்துபோனார்களோ தெரியாது, நான் நன்றி சொல்லிவிட்டேன்.

தோட்டக்காரருக்கு வகுப்பு எடுக்க எனக்குத் தகுதி இல்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அவர்கள் படும் கடன் எனக்குத் தெரியும். 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தையும் மருந்தையும் திடீரென்று நிறுத்திப் பார்த்தது, அந்த வருடம் முடியுமுன் தடையைத் திருப்பி எடுத்தது, நடுவில் நொந்தது தோட்டக்காரர்தான். அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். மருந்து அடிக்கத்தான் வேண்டும் என்றால் காலையில் பூ விரிந்திருக்கும்போது அடிக்காமல் பொழுது சாய அடியுங்கள். பாகலும் பூசினியும் அப்போது மூடியிருக்கும், தேனீயும் கூட்டுக்குப் போயிருக்கும். முதல் நாளே பக்கத்துக்காரருக்கு ஒரு சொல் சொல்லுங்கள், பெட்டி வைத்திருப்பவர் மூடிவைப்பார். எங்கள் பக்கத்தில் மூன்று பேர் பின்னேரத்துக்கு மாறியிருக்கிறார்கள். இரண்டு பேர் காலையில் காற்றில்லை, அதுதான் வசதி என்கிறார்கள். அதுவும் நியாயம்தான், இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

கோயில் சபையிடம் கேட்டது வேறு. நந்தவனம் என்று பெயருக்கு இருக்கும் இடத்தில் கொஞ்சத்துக்குக் கல் பதிக்காமல் மண்ணாக விடச் சொன்னோம். தண்ணீர்த் தாங்கியில் பெருந்தேனீ கூடு கட்டினால் உடனே பந்தம் பிடிக்கவேண்டாம், அது பருவம் முடிய தானாக இடம் மாறுகிற சாதி, கீழே கயிறு கட்டி ஆட்களை விலக்கி வைத்தால் காணும் என்றோம். பள்ளிக்கூடத்துக்கு மேலே கட்டினால் கதை வேறு. அப்போது தெரிந்த ஆட்களைக் கொண்டு இரவில் அகற்றத்தான் வேண்டும். பிள்ளைகளின் உயிரோடு நான் தத்துவம் பேசமாட்டேன்.

மதிலை இடிக்கச் சொல்லவும் இல்லை. இடித்தால் அண்ணா அடுத்த பிளேனில் வருவார். மதிலோடு சேர்த்து உள்பக்கம் மூன்றடி மண்ணை விட்டு, கதியாலை மறுபடி ஊன்றலாம் என்பதுதான் எங்கள் ஒழுங்கைத் திட்டம். ஏழு வீடு சம்மதம். மழை தொடங்கத்தான் கதியால் பிடிக்கும், ஆகவே ஐப்பசி வரை பொறுக்கவேண்டும். மதில் இல்லாத இரண்டு வீட்டில் ஒன்று முன்வீட்டு அண்ணையுடையது. பூவரசங் கதியால் இருபது வெட்டித் தருகிறேன் என்றார்.

"காசு வேண்டாம் தங்கச்சி. ஆனா உன்ர மதிலுக்கு உள்ளுக்குத்தான் ஊண்ட வேணும். ஒழுங்கைப் பக்கம் ஒரு விரற்கடையும் வரக்கூடாது."