பட்ஜெட்டில் பாதி ராணுவத்துக்கா? இல்லை

"மத்திய பட்ஜெட்டில் பாதி ராணுவத்துக்கே போகிறது, அதனால்தான் மதுரைக்கு ஒன்றும் வருவதில்லை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, எங்கள் தெருக் குழுவில் மட்டும் நேற்று மூன்று பேர் போட்டிருந்தார்கள். இது தவறு.

2025-26 பட்ஜெட்டின் மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி, அதாவது நூறு ரூபாயில் பதின்மூன்றரை ரூபாய்கூட முழுசாக இல்லை. அதிலும் சுமார் 1.61 லட்சம் கோடி ஓய்வூதியம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த தாத்தாக்கள் மாதம் பிறந்தால் பாஸ்புக்கை மடித்துப் பிடித்துக்கொண்டு பேங்க் வரிசையில் நிற்கிறார்களே, அந்தப் பணமும் இதற்குள்தான். கடனுக்கு வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி!

நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அங்கே 2025-26 பட்ஜெட்டின் 'ஒரு ரூபாய் எங்கே போகிறது' என்ற படத்தில் பாதுகாப்புக்கு 8 பைசா என்றுதான் இருக்கும், ஓய்வூதியம் அதில் தனி, மாநிலங்களின் வரிப் பங்கும் அந்த ரூபாயில் சேர்வதால் இன்னும் குறைவாகத் தெரியும், குழம்ப வேண்டாம்.

ராணுவத்துக்கு இவ்வளவு வேண்டுமா என்று தாராளமாக வாதாடலாம், எனக்கும் கேள்விகள் உண்டு. ஆனால் சரியான கணக்கை வைத்துப் பேசுவோம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் அதே குழுவில் தவறு என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.